நுகர்வுச் செலவின் உயர்வும் வாழ்க்கைத்தரமும்: திருவள்ளூர் – கும்மிடிப்பூண்டி தொழிற்பகுதியை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

இந்தியாவில் குடும்பங்களின் நுகர்வுச் செலவு உயர்ந்து வருவதையும், அதில் உணவின் பங்கு குறைந்து வருவதையும் தேசிய அளவிலான கணக்கெடுப்புகள் காட்டுகின்றன. இவ்விரு போக்குகளும் பொதுவாக வாழ்க்கைத்தர உயர்வின் அடையாளங்களாகக் கொள்ளப்படுகின்றன. தொழில்மயமாகும் பகுதிகளில் இம்முடிவை அப்படியே ஏற்க இயலாது. முன்பு விலையின்றிக் கிடைத்தவை விலைப்பொருளாதல், ஒரு குடும்பம் இரண்டாகப் பிரிந்து கணக்கிடப்படுதல், கடன் சுமை கணக்கின் வெளியே நிற்றல் ஆகிய மூன்றும் செலவுப் புள்ளிவிவரத்தின் பொருளை மாற்றுகின்றன. திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி தொழிற்பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை இதனை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நுகர்வுச் செலவு, எங்கல் விதி, கும்மிடிப்பூண்டி, புலம்பெயர் தொழிலாளர், பொது நிலம், நியாயவிலைக் கடை.

முன்னுரை

வளரும் பொருளாதாரத்தில் ஒரு குடும்பத்தின் நிலையை அறிய, வருமானத்தைக் காட்டிலும் செலவே நம்பகமான அளவுகோலாகக் கருதப்படுகிறது. கூலியும் விளைச்சலும் பருவத்துக்கேற்ப ஏறி இறங்கும். அடுப்பெரிய வேண்டிய தேவையோ நாள்தோறும் உண்டு. இதனால் இந்தியாவில் வறுமைக் கணிப்பும் விலைக் குறியீட்டெண் தயாரிப்பும் நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பையே அடிப்படையாகக் கொண்டுள்ளன.

செலவின் அளவைப் போலவே அதன் பகுப்பும் முக்கியமானது. செருமானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கல், பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் வரவுசெலவுத் தரவுகளைக் கொண்டு 1857இல் ஒரு விதியை வகுத்தார். வருமானம் உயர உயர, மொத்தச் செலவில் உணவின் பங்கு குறையும் என்பது அவ்விதி. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னரும் உணவுப் பங்கின் வீழ்ச்சி வளமையின் குறியாகவே வாசிக்கப்படுகிறது. அந்த வாசிப்பு எந்த எல்லை வரை பொருந்தும் என்பதே இங்கு ஆராயப்படும் வினா.

தேசிய, மாநிலப் போக்குகள்

2011-12க்குப் பின் முழுமையாக வெளியான முதல் கணக்கெடுப்பு, 2022 ஆகஸ்டு முதல் 2023 ஜூலை வரை நடைபெற்ற குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பாகும். இடையில் 2017-18இல் நடந்த கணக்கெடுப்பின் முடிவுகள் வெளியிடப்படவில்லை. 2022-23இல் 2,61,746 குடும்பங்களிடம் தகவல் திரட்டப்பட்டது. இந்திய அளவில் தலா மாத நுகர்வுச் செலவு கிராமப்புறத்தில் ரூ.3,773, நகர்ப்புறத்தில் ரூ.6,459. தமிழ்நாட்டில் இவை முறையே ரூ.5,310, ரூ.7,630. அதாவது தமிழ்நாட்டுக் கிராமப்புறச் செலவு தேசிய அளவைவிட ஏறத்தாழ 41 விழுக்காடும், நகர்ப்புறச் செலவு 18 விழுக்காடும் மிகுதி.

கிராம – நகர இடைவெளியும் கருதத்தக்கது. இந்தியாவில் நகரவாசியின் செலவு கிராமவாசியின் செலவைவிட 71 விழுக்காடு கூடுதல். தமிழ்நாட்டில் அது 44 விழுக்காடு மட்டுமே. நிர்வாக வரையறையால் கிராமம் எனப்படும் ஊர்களிலும் ஆலைச் சம்பளம் புழங்குவது இதற்கு ஒரு காரணமாகும்.

1999-2000இல் கிராமப்புறச் செலவில் 59.40 விழுக்காடாக இருந்த உணவின் பங்கு 2022-23இல் 46.38 விழுக்காடாகக் குறைந்தது. நகர்ப்புறத்தில் 48.06 விழுக்காடு 39.17 ஆயிற்று. இவ்வீழ்ச்சியின் உள்ளமைப்பு கவனிக்கத்தக்கது. கிராமப்புறத்தில் தானியங்களின் பங்கு மட்டும் 22.23 விழுக்காட்டிலிருந்து 4.91 ஆகக் குறைந்தது. தானியத்தை நீக்கிப் பார்த்தால், பிற உணவுகளின் பங்கு 37.17இலிருந்து 41.47 ஆக உயர்ந்துள்ளது. நகர்ப்புறத்தில் தானியப் பங்கு 12.39இலிருந்து 3.64 ஆகக் குறைய, பிற உணவுகளின் பங்கு 35.67, 35.53 என ஏறக்குறைய மாறாதிருக்கிறது. எனவே உணவுப் பங்கின் வீழ்ச்சி என்பது சாராம்சத்தில் தானியப் பங்கின் வீழ்ச்சியே ஆகும். பானங்கள், சிற்றுண்டி, பதப்படுத்திய உணவு ஆகியவற்றின் பங்கு மட்டும் 2022-23இல் கிராமப்புறத்தில் 9.62 விழுக்காடாகவும் நகர்ப்புறத்தில் 10.64 விழுக்காடாகவும் இருந்தது.

இப்போக்கு ஒருவழிப் பாதையும் அன்று. அடுத்த ஆண்டான 2023-24இல் உணவின் பங்கு கிராமப்புறத்தில் 47.04, நகர்ப்புறத்தில் 39.68 எனச் சற்றே உயர்ந்தது. மேலும், 2022-23இல் வினாப்பட்டியலின் பொருள்கள் 347இலிருந்து 405 ஆக உயர்த்தப்பட்டு, ஒரே குடும்பத்தை மும்முறை சந்தித்துத் தகவல் பெறும் முறை கையாளப்பட்டது. ஆதலால் முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிடுவதில் எச்சரிக்கை தேவை.

தானியப் பங்கு குறைந்ததில் அரசுக் கொள்கைக்கும் பங்குண்டு. தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் கிலோ ஒரு ரூபாய்க்கு வழங்கப்பட்ட நியாயவிலைக் கடை அரிசி, 2011 ஜூன் முதல் விலையின்றி வழங்கப்படுகிறது. விலையின்றிப் பெற்ற அரிசிக்கு முதன்மைக் கணக்கில் மதிப்பு இடப்படுவதில்லை. அத்தகைய பொருள்களுக்குத் தனியே மதிப்பிட்டபோது இந்திய அளவிலான தலா செலவு கிராமப்புறத்தில் ரூ.3,860 ஆகவும், நகர்ப்புறத்தில் ரூ.6,521 ஆகவும் உயர்ந்தது. எனவே உணவுப் பங்கு குறைந்ததற்குக் குடும்ப வருமானம் மட்டுமே காரணம் எனக் கூற இயலாது.

ஆய்வுப் பகுதி

செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து 1997இல் பிரிக்கப்பட்ட திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில், சென்னையிலிருந்து ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில் கும்மிடிப்பூண்டி அமைந்துள்ளது. சென்னை – கொல்கத்தா நெடுஞ்சாலையும் புறநகர் மின்தொடர் வண்டியும் இதனைத் தலைநகரோடு இணைக்கின்றன. இங்குள்ள சிப்காட் வளாகத்தில் இரும்பு உருக்காலைகளும் உருட்டாலைகளும் பிற தொழிற்சாலைகளும் இயங்குகின்றன. மேற்கே தேர்வாய்க்கண்டிகையில் மற்றொரு சிப்காட் வளாகம் உள்ளது. மிச்செலின் டயர் ஆலை அங்குதான் இயங்குகிறது. மாநில எல்லைக்கு அப்பால் ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டி தொழில் நகரமும் இப்பகுதியின் உழைப்பாளரை ஈர்க்கிறது.

நிலவுடைமைக் குடும்பங்கள், நிலமற்ற கூலிக் குடும்பங்கள், பீகார், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள், இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் வாழும் குடும்பங்கள் எனப் பலதரப்பட்டோர் இங்கு அருகருகே வாழ்கின்றனர். மேலே கண்ட முடிவுகள் மாநில அளவில் வெளியிடப்பட்டவை. அவற்றின் சராசரி இத்தகைய ஊரில் எதனைக் காட்டும், எதனை மறைக்கும் என்பதை மூன்று நிலைகளில் காணலாம்.

விலையின்றிக் கிடைத்தவை விலைப்பொருளாதல்

தேர்வாய்க்கண்டிகைத் தொழில் வளாகத்துக்கு ஒதுக்கப்பட்ட நிலம், ஊர் மக்கள் கால்நடை மேய்ச்சலுக்கும் விறகுக்கும் பயன்படுத்திவந்த மேய்க்கால் நிலமாகும். அவ்வொதுக்கீட்டை எதிர்த்து மக்கள் போராடினர். வேலைவாய்ப்பு ஒருபுறமும் வாழ்வாதார இழப்பு மறுபுறமும் விவாதிக்கப்பட்ட அந்நிகழ்வுக்கு நுகர்வுக் கணக்கியல் சார்ந்த ஒரு கோணமும் உண்டு.

கணக்கெடுப்பு விதிப்படி, சொந்த மாட்டின் பாலைக் குடும்பமே பயன்படுத்தினால் அது உற்பத்தியிட விலையில் மதிப்பிடப்படும். கடையில் வாங்கினால் கொடுத்த விலையே கணக்கில் ஏறும். ஒரு குடும்பம் நாள்தோறும் ஒரு லிட்டர் பாலைப் பயன்படுத்துவதாகவும், உற்பத்தியிட விலை ரூ.35, கடை விலை ரூ.50 எனவும் கொள்வோம். மேய்ச்சல் நிலம் போனபின் மாட்டை விற்றுவிட்ட அக்குடும்பத்தின் பால் செலவு மாதம் ரூ.1,050இலிருந்து ரூ.1,500 ஆகும். குடிக்கும் பால் ஒரு துளியும் கூடவில்லை. நுகர்வுச் செலவோ ரூ.450 கூடிவிட்டது. மிகுந்த பாலை விற்றுப் பெற்ற வருமானம் நின்றுபோனதை இக்கணக்கு காட்டாது.

குடிநீரும் அத்தகையதே. ஆரணியாறு – கொசஸ்தலையாறு வடிநிலத்தில் மீஞ்சூரைச் சுற்றிய பகுதிகளில், மிகையான நிலத்தடி நீர் எடுப்பினால் கடல்நீர் உட்புகுந்தமை பல பத்தாண்டுகளாக அறியப்பட்ட ஒன்று. கிணற்றில் நல்ல நீர் இருந்தவரை அது எந்தச் செலவுப் பட்டியலிலும் இடம்பெறவில்லை. கிணறு உவர்த்தபின் வாங்கும் கேன் தண்ணீர் நுகர்வுச் செலவாகிறது. ஓர் இழப்பு, புள்ளிவிவரத்தில் உயர்வாகப் பதிவாகும் விந்தை இவ்வாறு நேர்கிறது.

பிரிந்து கணக்கிடப்படும் குடும்பம்

ஒரே அடுப்பில் சமைத்து உண்போரே கணக்கெடுப்பின் வரையறையில் ஒரு குடும்பத்தினர். விடுதியில் தங்கியிருப்பவர் ஒவ்வொருவரும் தனித்தனிக் குடும்பமாகக் கொள்ளப்படுகிறார். ஊருக்கு அனுப்பும் பணம் அனுப்புவோரின் நுகர்வுச் செலவில் சேராது. பெறுவோர் அதனைச் செலவிடும்போதே கணக்கில் வரும்.

இவ்விதிகள் தம்மளவில் நியாயமானவை. எனினும் அவற்றின் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். விடுதியில் தங்கிய தொழிலாளி ஒருவர் மாதம் ரூ.16,000 ஈட்டி, ரூ.8,000 செலவிட்டு, எஞ்சிய ரூ.8,000ஐச் சொந்த ஊரில் உள்ள நால்வருக்கு அனுப்புவதாகக் கொள்வோம். அவருடைய தலா செலவு ரூ.8,000; இது தமிழ்நாட்டின் நகர்ப்புறச் சராசரியைவிட மிகுதி. அனுப்பிய பணத்தை மட்டும் கொண்டு வாழும் அவர் குடும்பத்தின் தலா செலவு ரூ.2,000. ஐவரையும் ஒரு குடும்பமாகக் கண்டால் அது ரூ.3,200 மட்டுமே. வளமானவர் ஒருவரும் வறியவர் நால்வருமாக இரு மாநிலங்களில் பதிவாகும் இவர்கள், உண்மையில் ஒரே சம்பளத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஒரே குடும்பத்தினர்.

அவருடைய செலவின் பகுப்பும் இவ்வாறே ஐயத்துக்குரியது. சொந்த வீட்டில் வாழ்பவருக்கு வாடகைச் செலவு பதிவாவதில்லை. வெளியூர்த் தொழிலாளிக்கு அது தவிர்க்க இயலாதது. நகர்ப்புறச் செலவில் சராசரியாக 6.56 விழுக்காடு வாடகைக்குச் செல்கிறது. வாடகைக் குடியிருப்போரை மட்டும் தனியே எடுத்தால் இப்பங்கு இன்னும் மிகுதியாகும். வாடகை கூடும்போது உணவின் பங்கு தானாகவே குறையும். எங்கல் விதியை மட்டும் கொண்டு பார்ப்பவர், வாடகையால் நெருக்கப்பட்ட வயிற்றை வளமையின் அடையாளமாகக் கொள்ளும் பிழைக்கு ஆளாகக்கூடும். சமையல் வசதியின்றி உணவகத்தை நம்பி வாழ்வோரிடத்தில் பதப்படுத்திய உணவின் பங்கு உயர்வதும் விருப்பத்தின் விளைவாக மட்டுமே இருக்க வேண்டியதில்லை.

2020 அக்டோபர் முதல் ‘ஒரே நாடு ஒரே குடும்ப அட்டை’ திட்டத்தில் தமிழ்நாடு இணைந்ததால், பிற மாநிலத் தொழிலாளர் இங்குள்ள கடைகளில் தானியம் பெற வழியேற்பட்டது. ஆனால் விடுதியில் அடுப்பில்லாதவருக்கு அரிசியைப் பெறுவதனால் மட்டும் பயன் விளையாது.

கணக்கின் வெளியே நிற்கும் செலவுகள்

கடனுக்கான வட்டி, கடன் திருப்பல், காப்பீட்டுத் தவணை, வீடு கட்டுதல் ஆகியவை நுகர்வுச் செலவில் அடங்கா. ஒரே சம்பளம் பெறும் இரு குடும்பங்களில், ஒன்று நுண்கடன் தவணையும் நகைக்கடன் வட்டியும் செலுத்தி, மற்றொன்று கடனின்றி இருந்தால், முதற்குடும்பத்தின் நுகர்வு குறைவாகப் பதிவாகும். அதன் காரணம் பதிவாகாது. மாறாக, கடன் வாங்கி மருத்துவச் செலவு செய்த மாதத்தில் அக்குடும்பத்தின் நுகர்வு உயர்ந்ததாகவே தோன்றும்.

இதற்கு எதிர்த்திசையிலும் சில நிகழ்கின்றன. 2021 மே மாதம் அறிமுகமான பெண்களுக்கான கட்டணமில்லா நகரப் பேருந்துப் பயணத்தால் ஒரு பெண் வேலைக்குச் சென்றுவரும் செலவு குறைந்தால், நுகர்வுச் செலவு குறைந்தே காட்டும்; அவள் வாழ்க்கையோ எளிதாகியுள்ளது. 2022-23இல் கிராமப்புறத்தின் உணவல்லாத செலவுகளில் போக்குவரத்தே 7.55 விழுக்காட்டுடன் முதலிடம் பெற்றது என்பதால் இது சிறிய செய்தியன்று. 2023 செப்டம்பரில் தொடங்கிய மாதம் ரூ.1,000 மகளிர் உரிமைத்தொகை போன்ற பண உதவியோ, செலவிடப்படும்போது நுகர்வை உயர்த்திக் காட்டும். ஒரே நோக்குடைய இரு நலத்திட்டங்கள் ஒரே அளவுகோலில் எதிரெதிர்த் திசையில் பதிவாகின்றன.

இவ்வேறுபாடுகளின் நடைமுறை முக்கியத்துவம்

இவை கோட்பாட்டுச் சிக்கல்கள் மட்டுமல்ல. நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணில் எப்பொருளுக்கு எவ்வளவு எடை என்பது நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பிலிருந்தே பெறப்படுகிறது. 2012ஐ அடிப்படையாகக் கொண்ட குறியீட்டில் உணவு, பானங்களின் எடை 45.86 விழுக்காடாக இருந்தது. தமிழ்நாட்டில் குறைந்தபட்ச ஊதியத்துக்கான அகவிலைப்படி சென்னை நகர நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணோடு பிணைக்கப்பட்டுள்ளது. அதாவது கும்மிடிப்பூண்டி உருட்டாலைத் தொழிலாளியின் அகவிலைப்படியைச் சென்னைக் குடும்பங்களின் செலவுக் கூடை தீர்மானிக்கிறது. வாடகையும் வெளி உணவும் கேன் தண்ணீரும் அவருடைய செலவில் பெறும் பங்கு அக்கூடையில் உள்ள பங்கினின்று வேறுபட்டால், விலையேற்றத்தின் ஒரு பகுதியை அவர் தம் நுகர்வைக் குறைத்தே ஈடுகட்ட நேரும்.

முடிவுரை

நுகர்வுச் செலவின் உயர்வில் உண்மையான முன்னேற்றம் உண்டு. தானியத்தை மட்டும் நம்பிய உணவு முறை மாறி, பாலும் முட்டையும் பழமும் தட்டில் சேர்ந்திருப்பதும், இருசக்கர வண்டியும் கைப்பேசியும் தொழிலாளர் இல்லங்களுக்கு வந்திருப்பதும் மறுக்க இயலாதவை. ஆயினும் தொழிற்பகுதிகளில் அவ்வுயர்வின் ஒரு பகுதி பொதுவளங்களின் இழப்பாலும், மற்றொரு பகுதி குடும்பங்கள் பிரிந்து கணக்கிடப்படுவதாலும் தோன்றுவது. இவற்றைப் பிரித்தறிய, தொழிற்பகுதிகளுக்கெனச் சிறு அளவிலான தனிக் கணக்கெடுப்புகள் தேவை. முன்பு விலையின்றிப் பெற்ற பொருள்கள் எவை, ஊருக்கு அனுப்பும் தொகை எவ்வளவு, கடனுக்குச் செல்லும் பங்கு யாது, சமைக்க அடுப்பு உண்டா என்னும் நான்கு வினாக்களை வழக்கமான வினாப்பட்டியலோடு சேர்த்தாலே, ஒரு குடும்பம் கூடுதலாகச் செலவிடுவது இயன்றதாலா, வேறு வழியின்மையாலா என்பதற்கு விடை காணத் தொடங்கலாம்.