மூன்று மரபுகள், ஒரே திருச்சபை

கணியம்பாடியை அடுத்த வேலூர்ப் பகுதியில் 1853-இல் ஸ்கடர் சகோதரர்கள் நிறுவியது அமெரிக்க ஆற்காடு மிஷன். அதன் சபைகள் 1908-இல் தென்னிந்திய ஐக்கிய சபையில் இணைந்தன.

சிறு சிறு சபைகளாக, வெளிநாட்டில் பிறந்த பிரிவினைகளைச் சுமந்து நின்றால் பலமில்லை என 1919-இல் தரங்கம்பாடியில் கூடிய இந்தியப் போதகர்கள் உணர்ந்தனர். அவர்களில் முன்னின்றவர் பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. பேராயர் பதவியை ஏற்பதா, பழைய குருமாரை மறு அபிஷேகமின்றிச் சேர்ப்பதா என்று பேச்சு கால் நூற்றாண்டுக்கு மேல் நீண்டது.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், ஐக்கிய சபை ஆகிய மூன்றும் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. பழைய குருமார் மறு அபிஷேகமின்றியே ஏற்கப்பட்டனர். அசரியா அதைக் காணவில்லை, 1945-இல் மறைந்தார்.

வேலூர்ப் பகுதிச் சபைகள் இன்று அத்திருச்சபையின் வேலூர்ப் பேராயத்தில் அடங்கும்.