எட்டில் ஒரு கம்பி

சாத்தூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அட்டையும் காகிதமும் சப்ளை செய்கிற ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். "டாலியில் ஒரு லெட்ஜரைத் திறக்கச் சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம் சார். ஜிஎஸ்டிஆர்-1 போட வேண்டிய 11-ஆம் தேதி நெருங்கினாலே வயிற்றைக் கலக்குகிறது. முதலாளி புது சிஸ்டம் வாங்கலாம் என்கிறார். ஆனால் நான்தான் எதையோ அமுக்கிக் கெடுத்துவிட்டேன் என்றும் அவருக்கு ஓர் எண்ணம். தப்பு யார் மேல் சார்?"

கடைசிக் கேள்விக்காகவே இந்த மாதம் இதை எடுத்துக்கொண்டேன்.

டாலி என்றால் என்ன என்று இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பெங்களூரில் ஷியாம் சுந்தர் கோயங்கா, தன் தொழிலுக்குத் தோதான கணக்கு மென்பொருள் கிடைக்காமல், கணிதம் படித்த மகன் பரத்திடம் சொல்லி எழுத வைத்தது. 1986-இல் தொடங்கிய கதை. அந்த வருடத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேலை இருக்கிறது.

சிஸ்டம் மெதுவாக இருக்கிறது என்றால் முதலில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. கணக்கு எந்தப் பெட்டியில் இருக்கிறதோ, அந்தப் பெட்டியின் முன்னாலேயே போய் உட்கார்ந்து அதே லெட்ஜரைத் திறந்து பார்ப்பது. அங்கேயும் மெதுவா, இல்லை உங்கள் மேசையில் மட்டும் மெதுவா? டாக்டர் வயிற்றைத் தொட்டு "இங்கே வலிக்குதா, இங்கேயா?" என்று கேட்பாரே, அதுதான். இந்தக் கேள்வியைக் கேட்காமலேயே புது சிஸ்டம் வாங்கிய அலுவலகங்கள் பல எனக்குத் தெரியும்.

அங்கேயும் மெதுவாக இருந்தால் காரணங்கள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். பழைய ஹார்ட் டிஸ்க் இருக்கலாம். நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றுகிற தட்டு, ஒரு சுற்றுக்கு 11 மில்லி செகண்ட் எடுத்துக்கொள்ளும். வேண்டிய இடம் முள்ளுக்குக் கீழே வரும்வரை காத்திருந்தே ஆக வேண்டும். எஸ்எஸ்டி-யில் சுற்றுகிற தட்டே கிடையாது; எந்தப் பழைய சிஸ்டத்துக்கும் இதைவிட நல்ல வைத்தியம் நான் பார்த்ததில்லை. ஆன்டி-வைரஸ் ஒவ்வொரு தடவையும் கணக்குக் கோப்பைச் சோதித்துக்கொண்டிருக்கலாம். பத்து வருடக் கணக்கு ஒரே கம்பெனிக்குள் அடைந்து கிடக்கலாம். டாலி பிரைமில் ஆல்ட்-ஒய் அழுத்தினால் பேக்கப், ரிப்பேர், ஸ்ப்ளிட் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. எதைத் தொடுவதற்கு முன்னும் பேக்கப். அதையும் அதே சிஸ்டத்தின் டி டிரைவில் வைத்துவிட்டு பேக்கப் இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளாதீர்கள். வீட்டுச் சாவியின் மாற்றுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டுகிற காரியம் அது.

அங்கே வேகமாக ஓடி, உங்கள் மேசையில் மட்டும் இழுத்தால்தான் எனக்குச் சுவாரசியம் வருகிறது. அப்போது கோளாறு டாலியிலும் இல்லை, உங்கள் விரலிலும் இல்லை. வழியில் இருக்கிறது.

சின்ன அலுவலகங்களில் பெரும்பாலும் என்ன ஏற்பாடு? ஒரு சிஸ்டத்தில் கணக்குக் கோப்புகள் இருக்கும் ஃபோல்டரை ஷேர் செய்துவிடுவார்கள். மற்றவர்கள் தங்கள் மேசையிலிருந்து அதைத் திறப்பார்கள். கணக்குப் போடுகிற மூளை உங்கள் முன்னால் இருக்கிறது, பேரேடு அடுத்த அறையில் இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் யாரோ ஓடிப்போய் எடுத்து வந்து காட்டி, திரும்ப ஓட வேண்டும். அந்த ஓட்டம் நடக்கிற பாதைதான் சுவரோரம் போகிற நீல நிற லேன் கேபிள்.

விருதுநகரில் என் மைத்துனர் வத்தல், மல்லி மொத்த வியாபாரம் செய்கிறார். மூன்று வருடம் முன்பு இதே புகார். "அத்தான், நாலு சிஸ்டத்துல மூணு பறக்குது, இந்த ஒண்ணு மட்டும் மாட்டு வண்டி" என்றார். அந்த ஒன்றில் வேலை பார்த்த பெண்ணைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்கூட. மெதுவான பொண்ணு என்று பெயர் வைத்துவிட்டார்கள். நான் போய் அந்தச் சிஸ்டத்திலிருந்து, கணக்குக் கோப்புகள் இருக்கிற சர்வருக்கு பிங் என்கிற சோதனைப் பொட்டலம் அனுப்பிப் பார்த்தேன். நாலு அனுப்பினால் நாலுக்கும் பதில், எல்லாம் ஒரு மில்லி செகண்டுக்குள். "பார்த்தீங்களா, லைன் நல்லாத்தான் இருக்கு" என்றார் மைத்துனர்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் விண்டோஸ் வழக்கமாக அனுப்புகிற பிங் 32 பைட்தான், ஒரு சிட்டிகை. டாலி கோப்பு போகும்போது ஒவ்வொரு பொட்டலமும் 1,500 பைட் வரை இருக்கும். ஓட்டைப் பாலத்தில் சைக்கிள் போய்விட்டது என்பதற்காக லாரியும் போகும் என்று சொல்ல முடியாது. 1,400 பைட் பிங் அனுப்பினேன். இப்போது பத்தில் ஒன்று திரும்பவில்லை. சில நேரம் இரண்டு.

ஈதர்நெட் ஸ்டேட்டஸ் பெட்டியில் ஸ்பீடு என்று ஒரு வரி இருக்கும். மற்ற மூன்று சிஸ்டத்திலும் 1.0 ஜிபிபிஎஸ். இதில் 100 எம்பிபிஎஸ். பத்தில் ஒரு பங்கு. (கேபிள்கள் எல்லாம் வந்து சேர்கிற உங்கள் ஸ்விட்ச்சே 100-தான் என்றால் எல்லாவற்றிலும் 100 காட்டும், பயப்பட வேண்டாம்.) கேபிள் போகிற வழியில் இருந்த பீரோவை நகர்த்தினோம். பின்னால் வத்தல் சாக்கு நூலும் எலிப் புழுக்கையும். கேபிளில் ஒரு விரல் நீளத்துக்குத் தோல் இல்லை.

லேன் கேபிளை யாராவது வெட்டிப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நாலு ஜோடி. ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு. ஒவ்வொன்றுக்கும் அதே நிறக் கோடு போட்ட வெள்ளைத் துணை. உற்றுப் பார்த்தால் நாலு ஜோடியும் ஒரே நெருக்கத்தில் முறுக்கப்படவில்லை என்பது தெரியும். ஒரு ஜோடி இறுக்கிப் பின்னிய சடை மாதிரி, இன்னொன்று தளர்வாக. ஒரு ஜோடியில் போகிற சமிக்ஞை அடுத்த ஜோடியில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அப்படி. ஜாக் அடிக்கிற பையன்கள் வசதிக்காக இந்த முறுக்கை இரண்டு அங்குலம் பிரித்துவிட்டு அடிப்பதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

100 எம்பிபிஎஸ் ஓட ஆரஞ்சும் பச்சையும் போதும். நீலமும் பழுப்பும் சும்மா கிடக்கும். ஒரு ஜிகாபிட் ஓட நாலு ஜோடியும் வேண்டும். மைத்துனர் கடை எலி பழுப்பு ஜோடியில் ஒரு கம்பியை அறுத்தே விட்டிருந்தது. பச்சையில் தோல் உரிந்து செம்பு தெரிந்தது. பழுப்பு போனதும் சிஸ்டத்தின் நெட்வொர்க் கார்டும் எதிர்முனை ஸ்விட்ச்சும் ஒரு ஜிகாபிட்டில் பேசப் பார்த்து, முடியாமல், தாங்களாகவே 100-க்கு இறங்கிவிட்டன. ஒரு எச்சரிக்கை இல்லை, சிவப்பு விளக்கு இல்லை, திரையில் ஒரு வரி இல்லை. அதுவாவது பரவாயில்லை, 100-இலும் டாலி சுமாராக ஓடியிருக்கும். மாட்டு வண்டியாக ஆக்கியது அந்தப் பச்சை ஜோடி.

நான் பள்ளிக்கூடம் படித்தபோது எங்கள் வீட்டுக்கு ஓடு மாற்றினார்கள். கீழே நின்று நான் நாட்டு ஓடுகளை மேலே எறிய வேண்டும், சித்தப்பா கூரையில் உட்கார்ந்து பிடிப்பார். பிடித்தால் "ம்" என்பார். பழகப் பழக "ம்"முக்குக் காத்திராமல் இரண்டு மூன்றாக எறிவேன். ஒன்று விழுந்து உடைந்தால்? மேலே அவரால் சமாளிக்க முடியவில்லை என்று நினைத்துச் சட்டென்று நிறுத்திவிடுவேன். மறுபடி ஒன்று, அவர் "ம்" என்றதும் இரண்டு, அப்புறம் மூன்று. யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று கோப்பை மாற்றிக்கொள்ளப் பயன்படுத்துகிற டிசிபி என்ற நெறிமுறையும் அச்சு அசலாக இதைத்தான் செய்கிறது. அதற்கு இந்த மரியாதை பிறவியிலேயே வந்ததல்ல. 1986 அக்டோபரில் அமெரிக்காவில், லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே இருந்த இணைப்பு படுத்துவிட்டது. இரண்டுக்கும் நடுவே நானூறு கஜம்தான் தூரம். செகண்டுக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த இடத்தில் 40 பிட் போனது. பொட்டலம் தொலைந்தால் எல்லாரும் திரும்ப அனுப்பினார்கள். திரும்ப அனுப்பியதால் நெரிசல் கூடியது. கூடியதால் இன்னும் தொலைந்தது. வான் ஜேக்கப்சனும் மைக்கேல் கேரல்ஸும் இதற்கு வழி கண்டார்கள், 1988-இல் கட்டுரை வந்தது. சாரம் இதுதான்: பொட்டலம் தொலைந்தால் வழியில் கூட்டம் என்று எடுத்துக்கொள், உன் வேகத்தைக் குறை, பதில் வர வர மெல்லக் கூட்டு. இணையம் இன்றைக்கும் நெரிசலில் விழுந்து சாகாமல் இருப்பதற்கு இந்த அடக்கம் ஒரு பெரிய காரணம். பெங்களூரில் டாலி தொடங்கிய அதே வருடத்தில் இந்தப் படிப்பினை கிடைத்தது தற்செயல்தான், ஆனால் எனக்குப் பிடித்த தற்செயல்.

விருதுநகரில் கூட்டம் எதுவும் கிடையாது. பொட்டலம் தொலைந்தது எலி கடித்ததால். அது டிசிபிக்கு எப்படித் தெரியும்? ஓடு ஈரமாக இருந்து வழுக்கி விழுந்தாலும், சித்தப்பாவுக்குக் கை ஓயவில்லை என்றாலும், நான் வேகத்தைக் குறைத்துக்கொண்டுதான் இருந்தேன். ஒவ்வொரு பொட்டலம் கெடும்போதும், கூட்டம் போலிருக்கிறது என்று அந்தச் சிஸ்டம் ஒதுங்கி நின்றது. கொஞ்சம் வேகம் எடுக்கும், மறுபடி ஒன்று கெடும், மறுபடி ஒதுங்கும். நாள் முழுக்க. அந்தப் பெண் வவுச்சரை சேவ் செய்துவிட்டுத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

இதில் என்னை உறுத்துவது ஒன்று. ப்ராசசர் சூடேறினால் கருகிப் போகாமல் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஹார்ட் டிஸ்க்கில் ஓரிடம் கெட்டால் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். கம்பி அறுந்தால் கார்டு கீழே இறங்கி ஓட்டும். நின்றுபோகாமல் இருக்கத்தான் இவை மெதுவாகின்றன. நின்றுபோனால் அரை மணி நேரத்தில் மெக்கானிக் வருவார். மெதுவானால் இரண்டு வருடமானாலும் யாரும் வருவதில்லை. "ஓடுதுல்ல?" என்று விட்டுவிடுவார்கள்.

ஆயுத பூஜையன்று பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறோம். அன்றைக்கே மூடியைக் கழற்றி ஃபேனில் அடைந்திருக்கிற தூசியை ஊதிவிட்டால் என்ன? முதலாளிகளுக்கு இன்னொரு வார்த்தை. புது சிஸ்டத்துக்கு நாற்பதாயிரம் எடுத்து வைக்கிறவர்கள் கேபிளுக்கு வந்ததும் இருப்பதில் மலிவானதைக் கேட்கிறார்கள். அதில் பெரும்பாலும் முழுச் செம்பு இருக்காது, அலுமினியத்துக்கு மேல் செம்புப் பூச்சுதான் இருக்கும். மெதுவாக இருப்பது மனுஷியா கம்பியா என்று பார்க்காமல் மனுஷியின் மேல் பழியைப் போடுவது அதைவிட மலிவு. மைத்துனர் கேபிளை மாற்றி, பிளாஸ்டிக் குழாய்க்குள் ஓட்டினார். சில நூறு ரூபாய் ஆயிற்று. அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லச் சொன்னேன். "சொல்லிட்டேன் அத்தான்" என்றார். நான் அப்போது அங்கே இல்லை.

சாத்தூர் சகோதரிக்கு: நீங்கள் எதையும் கெடுக்கவில்லை. லெட்ஜரைத் திறப்பதால் கம்ப்யூட்டர் கெடாது. நாளைக் காலை சர்வரில் உட்கார்ந்து அதே லெட்ஜரைத் திறந்து பாருங்கள். வேகமாக வந்தால் உங்கள் சிஸ்டத்தின் பின்னால், கேபிள் சொருகுகிற இடத்தைப் பாருங்கள்; சின்னதாக இரண்டு விளக்கு எரியும். பக்கத்துச் சிஸ்டங்களில் எரிகிற நிறத்திலேயே எரிகிறதா என்று குனிந்து பார்த்து எனக்கு எழுதுங்கள். முதலாளியையும் கூடக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள்.