பணம் சமமானால் வெற்றி யாருக்கு?

பணம் படைத்த அணியே கோப்பையை வெல்லும் என்பது விளையாட்டு உலகில் பரவலாக நிலவும் நம்பிக்கை. அதில் உண்மையும் உண்டு. ஆனால், ஒரு லீகில் உள்ள எல்லா அணிகளும் ஒரே அளவு பணத்தைத்தான் செலவிடலாம் என்று விதி வகுத்துவிட்டால், வெற்றி எங்கிருந்து வரும்? பொருளியல் வகுப்பறையில் பல பாடவேளைகளை எடுத்துக்கொள்ளக்கூடிய இந்தக் கேள்விக்கு, கணினிவழி ஹாக்கி லீக்குகளில் பொழுதுபோக்காக அணி நடத்துவோர் அன்றாடம் விடை தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இங்கே ஹாக்கி என்பது நமக்குப் பழக்கமான புல்தரை ஹாக்கி அல்ல. பனித்தளத்தில் சறுக்கியபடி ஆடும் ஐஸ் ஹாக்கி. அதன் உச்சமாகக் கருதப்படுவது அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளின் 32 அணிகள் மோதும் தேசிய ஹாக்கி லீக். அதில் வெல்லும் அணிக்கு ஸ்டான்லி கோப்பை வழங்கப்படுகிறது.

இந்த லீகைக் கணினியில் அப்படியே படைத்துக் காட்டும் மென்பொருள்கள் உள்ளன. பின்லாந்தைச் சேர்ந்த ரிஸ்டோ ரெமெஸ் உருவாக்கிய 'ஈஸ்ட்சைட் ஹாக்கி மேனேஜர்' 2004-ஆம் ஆண்டு வணிகமுறையில் வெளிவந்தது. பின்னர் 'பிராஞ்சைஸ் ஹாக்கி மேனேஜர்' போன்றவையும் வந்தன. இவற்றில் மட்டையைப் பிடித்துப் பந்தடிக்கும் வேலை கிடையாது. ஆடுபவர் ஓர் அணியின் மேலாளர். வீரர்களைத் தேர்ந்தெடுப்பது, ஊதியம் பேசுவது, பிற அணிகளுடன் வீரர்களைப் பரிமாறிக்கொள்வது, யார் யாருடன் களமிறங்குவது என வகுப்பது ஆகியவையே அவருடைய பணி. ஆட்டத்தைக் கணினி நடத்திக்கொள்ளும். வெவ்வேறு நாடுகளில் இருப்பவர்கள் ஆளுக்கோர் அணியை ஏற்று, ஒரு பொது நிர்வாகியின் கீழ் ஆண்டுக்கணக்கில் இத்தகைய லீக்குகளை நடத்துகிறார்கள்.

இந்தப் பாவனை லீக்குகளின் உயிர்நாடியாக இருப்பது ஊதிய உச்சவரம்பு. இது கணினி விளையாட்டுக்காகக் கற்பனை செய்யப்பட்டதன்று. அணி உரிமையாளர்களுக்கும் வீரர்களின் சங்கத்துக்கும் ஏற்பட்ட ஊதியத் தகராறால், உண்மையான தேசிய ஹாக்கி லீகின் 2004-05 பருவம் முழுவதுமே ரத்தானது. அதன் முடிவில் எட்டிய உடன்பாட்டின்படி, 2005-06 பருவத்தில் ஓர் அணி தன் வீரர்களுக்கு 3.9 கோடி டாலருக்கு மேல் ஊதியம் தரக்கூடாது என்று வரையறுக்கப்பட்டது. லீகின் வருவாய் வளர வளர இந்த வரம்பும் உயர்ந்து, 2025-26 பருவத்தில் 9.55 கோடி டாலரை எட்டியது. எந்தத் தனி வீரரின் ஊதியமும் உச்சவரம்பில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்ற கட்டுப்பாடும் உண்டு.

பாவனை லீகில் புதிதாகச் சேரும் மேலாளர் செய்யும் முதல் காரியம், புகழ்பெற்ற இரண்டு மூன்று நட்சத்திரங்களைத் தேடிப் பிடிப்பதுதான். அதற்காகத் தன்னிடமுள்ள இளம் வீரர்களையும் வருங்காலத் தேர்வு உரிமைகளையும் தாராளமாக விட்டுக்கொடுப்பார். பெயர்ப்பட்டியல் கண்ணைப் பறிக்கும். பருவம் முடியும்போதோ அணி நடுவிடத்தில் நிற்கும்.

ஏன் இப்படி? முதல் காரணம் ஆட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. ஓர் ஆட்டத்துக்கு 12 முன்கள வீரர்கள், 6 தற்காப்பு வீரர்கள், 2 கோல்காப்பாளர்கள் என 20 பேர் தயாராக இருப்பார்கள். பனித்தளத்தில் முழு வேகத்தில் சறுக்குவது உடலை வாட்டுவதால், ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரத்திலேயே ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஆகவே, 60 நிமிட ஆட்டத்தில் மிகச் சிறந்த முன்கள வீரர்கூடக் களத்தில் இருப்பது ஏறத்தாழ 20 நிமிடங்களே. மீதி 40 நிமிடங்களை மற்றவர்கள்தான் சுமக்க வேண்டும். ஊதியத்தில் பெரும்பகுதியை ஒருவரிடம் குவிக்கும் அணி, ஆட்டத்தின் மூன்றில் இரண்டு பங்கை ஏழ்மையில் விட்டுவிடுகிறது.

இரண்டாவது காரணம் பொருளியல் சார்ந்தது. பணம் வரையறுக்கப்பட்ட ஓர் உலகில், 'இந்த வீரர் எவ்வளவு சிறந்தவர்' என்ற கேள்வி மட்டும் போதாது. 'இவர் தரும் பயனுக்கும் பெறும் ஊதியத்துக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு' என்பதே உண்மையான கேள்வி. ஒரு கோடி டாலர் பெற்றுக்கொண்டு ஒரு கோடி டாலர் மதிப்புக்கு ஆடும் நட்சத்திரத்தால் அணிக்கு உபரி எதுவும் இல்லை. பத்து லட்சம் டாலர் பெற்றுக்கொண்டு ஐம்பது லட்சம் டாலர் மதிப்புக்கு ஆடும் இளைஞரால் நாற்பது லட்சம் டாலர் உபரி. எல்லா அணிகளும் ஒரே தொகையைச் செலவிடும்போது, இத்தகைய உபரிகளின் கூட்டுத்தொகைதான் ஓர் அணியை மற்றோர் அணியிடமிருந்து உயர்த்திக் காட்டுகிறது.

அந்த உபரி எங்கே கிடைக்கும்? தேசிய ஹாக்கி லீகில் 18 வயதில் தேர்வாகும் புதுமுக வீரரின் முதல் ஒப்பந்தம் மூன்றாண்டுகளுக்கானது. ஊக்கத்தொகை நீங்கலாக அதன் ஊதியம் பத்து லட்சம் டாலருக்கும் குறைவாகவே இருந்துவந்துள்ளது. மாறாக, எந்த அணிக்கும் செல்லும் முழு உரிமை பெற ஒரு வீரர் பொதுவாக 27 வயதை எட்டவோ ஏழு பருவங்கள் ஆடி முடிக்கவோ வேண்டும். அப்போது அவர் தன் திறனின் உச்சத்தில் இருப்பார் அல்லது அதைக் கடந்துகொண்டிருப்பார். திறந்த சந்தையில் அவரை ஏலம் எடுப்பதுபோல் அதிக விலை கொடுத்துப் பெறும் அணி, அவர் இனி ஆடப்போகும் ஆட்டத்துக்கு அல்ல, ஏற்கெனவே ஆடி முடித்த ஆட்டத்துக்கே பணம் தருகிறது.

சிகாகோ பிளாக்ஹாக்ஸ் அணியின் கதை இதற்குத் தக்க சான்று. 2006-இல் ஜோனதன் டேவ்ஸ் என்பவரை மூன்றாவது தேர்வாகவும், 2007-இல் பேட்ரிக் கேன் என்பவரை முதல் தேர்வாகவும் அந்த அணி பெற்றது. 2010-இல், 49 ஆண்டுகளுக்குப் பிறகு, சிகாகோ ஸ்டான்லி கோப்பையை வென்றபோது இருவரும் தங்கள் முதல் ஒப்பந்தத்தின் இறுதியாண்டில் இருந்தனர். குறைந்த ஊதியத்தில் உயர்ந்த ஆட்டம் கிடைத்ததால் மிஞ்சிய பணத்தில் அணியின் பிற இடங்களை வலுவாக நிரப்ப முடிந்தது. புதிய ஒப்பந்தங்கள் தொடங்கியதும் பணம் போதவில்லை. கோப்பையை வென்ற அதே கோடையில் டஸ்டின் பஃப்லின், ஆண்ட்ரூ லாட், கோல்காப்பாளர் ஆன்டி நியெமி உள்ளிட்ட பலரை அணி இழக்க நேர்ந்தது.

ஆயினும் மையத் தூண்களை விடாமல் சுற்றுச்சுவர்களை மட்டும் மாற்றிக் கட்டியதால், 2013-இலும் 2015-இலும் மீண்டும் கோப்பை கிடைத்தது. பிறகு டேவ்ஸ், கேன் இருவருக்கும் ஆளுக்கு ஆண்டுக்கு 1.05 கோடி டாலர் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. 2015-16 பருவத்தின் உச்சவரம்பு 7.14 கோடி டாலர். இருவர் ஊதியமே அதில் நூற்றுக்கு 29 பங்கு. அந்தத் தொகை அவர்களது சாதனைக்குத் தகுதியான வெகுமதிதான். ஆனால், உபரி மறைந்துவிட்டது. அந்த ஒப்பந்தக் காலம் முழுவதிலும் சிகாகோ ஒருமுறைகூட இறுதிப்போட்டியை எட்டவில்லை.

இதிலிருந்து, முதல் தேர்வு உரிமைகளைக் குவித்துவிட்டால் போதும் என்று முடிவுகட்டுவதும் தவறு. எட்மன்டன் ஆயிலர்ஸ் அணி 2010, 2011, 2012, 2015 என ஆறு ஆண்டுகளில் நான்கு முறை முதல் தேர்வு உரிமையைப் பெற்றது. இருந்தும், 2006-07 தொடங்கி 2015-16 வரை தொடர்ந்து பத்துப் பருவங்கள் அடுத்த கட்டத் தகுதிச்சுற்றுக்குள் நுழையவில்லை. நேர்மாறாக, டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணி 1998-இல் 171-ஆவது தேர்வில் பாவெல் தாட்ஸ்யூக்கையும், 1999-இல் 210-ஆவது தேர்வில் ஹென்ரிக் ஸெட்டர்பர்க்கையும் கண்டெடுத்தது. ஊதிய உச்சவரம்பு வந்த பின்னர், 2008-இல் அந்த அணி வென்ற கோப்பைக்கு இந்த இருவரும் தூண்களாக இருந்தனர். பிறர் கவனிக்காத இடத்தில் பொறுமையாகத் தேடும் கண்ணுக்கு எந்த உச்சவரம்பும் இல்லை.

தேர்வு உரிமையை மனிதர்கள் எப்படி மிகையாக மதிப்பிடுகிறார்கள் என்பதை, 2017-இல் நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் ரிச்சர்ட் தாலர், கேட் மாஸியுடன் இணைந்து அமெரிக்கக் கால்பந்தை வைத்து ஆராய்ந்தார். ஊதியத்தைக் கழித்துப் பார்த்தால் மிகுந்த பயன் தருவது முதல் தேர்வு அல்ல, அதற்குச் சற்றுப் பின்னால் வரும் தேர்வுகளே என்று 2013-இல் வெளியான அவர்களது கட்டுரை காட்டியது. அனுபவம் மிக்க மேலாளர்களிடமும் இந்தத் தடுமாற்றம் உண்டு என்பதே அதன் சிறப்பு.

பலரை ஒருவருக்காகக் கொடுத்ததன் விளைவுக்கு ஹாக்கியிலேயே புகழ்பெற்ற எடுத்துக்காட்டு உண்டு. 1991-இல் கியூபெக் அணி எரிக் லிண்ட்ரோஸ் என்னும் இளைஞரை முதல் தேர்வாகப் பெற்றது. அவரோ அங்கு ஆட மறுத்தார். 1992-இல் அவரை அடைவதற்காக ஃபிலடெல்ஃபியா அணி, பீட்டர் ஃபோர்ஸ்பர்க் உள்ளிட்ட வீரர்களோடு தேர்வு உரிமைகளையும் 1.5 கோடி டாலரையும் கொடுத்தது. லிண்ட்ரோஸ் 1995-இல் லீகின் மதிப்புமிக்க வீரர் விருதைப் பெற்றார். ஆனால், ஃபிலடெல்ஃபியாவுக்கு அவர் காலத்தில் கோப்பை கிடைக்கவில்லை. கியூபெக் அணியோ 1995-இல் டென்வருக்கு இடம்பெயர்ந்து, கொலராடோ அவலான்ச் என்ற பெயரில் 1996-இல் கோப்பையை வென்றது.

அப்படியானால், உபரியைச் சேர்த்துப் பொறுமையாக அணி கட்டியவருக்குக் கோப்பை உறுதியா? உறுதியில்லை. பாவனை லீகின் ஆகச் சிறந்த பாடம் இங்கேதான் இருக்கிறது.

ஸ்டான்லி கோப்பையை வெல்ல நான்கு சுற்றுகளைக் கடக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றும் ஏழு ஆட்டங்கள் கொண்ட தொடர்; முதலில் நான்கை வெல்பவர் முன்னேறுவார். எந்த எதிரணியுடன் மோதினாலும் நூற்றுக்கு 60 ஆட்டங்களை வெல்லும் வலிமை ஓர் அணிக்கு இருப்பதாகக் கொள்வோம். ஒரு தொடரை அது வெல்வதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 71. நான்கு தொடர்களையும் அடுத்தடுத்து வெல்வதற்கான வாய்ப்போ நூற்றுக்கு 25 மட்டுமே. வலிமை நூற்றுக்கு 55 என்றால், கோப்பைக்கான வாய்ப்பு 14-ஆகச் சுருங்கிவிடும். அதாவது, லீகிலேயே தலைசிறந்த அணியும் நான்கு ஆண்டுகளில் மூன்று முறை வெறுங்கையோடு திரும்பலாம்.

இது வெறும் ஏட்டுக்கணக்கு அல்ல. 2018-19 பருவத்தில் 62 ஆட்டங்களை வென்ற டாம்பா பே அணி, முதல் சுற்றிலேயே கொலம்பஸ் அணியிடம் நான்கு ஆட்டங்களையும் தோற்று வெளியேறியது. 2022-23 பருவத்தில் 65 வெற்றிகளுடன் புதிய சாதனை படைத்த பாஸ்டன் அணியும் முதல் சுற்றோடு நின்றது. அதிர்ச்சித் தோல்விக்குப் பிறகும் டாம்பா பே நிர்வாகம் பயிற்சியாளரையும் முதன்மை வீரர்களையும் மாற்றவில்லை. 2020, 2021 என அடுத்தடுத்து இரு கோப்பைகள் வந்து சேர்ந்தன.

கணினியில் ஒரே பருவத்தை ஆயிரம் முறை ஓட்டிப் பார்க்கலாம். அப்போது ஒரே அணி சில முறை கோப்பையை ஏந்துவதையும், சில முறை முதல் சுற்றில் வீழ்வதையும் காணலாம். முடிவு மாறினாலும் மேலாளர் எடுத்த தீர்மானங்கள் அதேதான். வாழ்க்கை நமக்கு ஒரே ஒரு முறைதான் ஓடிக் காட்டப்படுகிறது. அதனால்தான் வென்றவர் செய்ததெல்லாம் சரி என்றும், தோற்றவர் செய்ததெல்லாம் பிழை என்றும் எளிதில் தீர்ப்பெழுதிவிடுகிறோம்.

இத்தகைய லீக்குகளில் இன்னொரு நுட்பமும் உண்டு. வணிக உலகில் போட்டியாளர் அழிந்தால் மற்றவருக்கு லாபம். விளையாட்டில் போட்டியாளர் அழிந்தால் ஆட்டமே இல்லை என்பதை வால்டர் நீல் என்ற பொருளியலாளர் 1964-லேயே சுட்டிக்காட்டினார். பாவனை லீகில் இது இன்னும் வெளிப்படை. தொடர்ந்து தோற்கும் மேலாளர்கள் ஆர்வமிழந்து விலகினால் லீகே கலைந்துவிடும். எனவே, கடைசி இடத்தில் இருப்பவருக்குப் புதுமுகத் தேர்வில் முன்னுரிமை தரப்படுகிறது.

அந்தச் சலுகைக்காகவே வேண்டுமென்று தோற்கத் தொடங்கினால்? அதைத் தடுக்கவே தேசிய ஹாக்கி லீக் 1995 முதல் முதல் தேர்வைக் குலுக்கல் முறையில் முடிவு செய்கிறது. 2015-இல் கடைசி இடம் பிடித்தது பஃபலோ அணி. குலுக்கலில் வென்று கானர் மெக்டேவிட் என்னும் அபூர்வத் திறமையாளரைப் பெற்றதோ எட்மன்டன். நலிந்தோருக்குக் கைகொடுக்க வேண்டும். ஆனால், நலிவையே ஒரு முதலீடாக்கும் ஆசையைத் தூண்டிவிடக் கூடாது. நலத்திட்டங்களை வகுக்கும் எந்த அரசுக்கும் இருக்கும் அதே சங்கடம் ஒரு விளையாட்டு லீகின் விதிப்புத்தகத்திலும் இருக்கிறது.

வாய்ப்புகளைச் சமமாக்கினால் முடிவுகள் சமமாகிவிடாது. சமமாக்கப்பட்ட களத்தில் பணம் விலகிக்கொள்கிறது. அதன் இடத்தில் மதிப்பிடும் அறிவும் பொறுமையும் வந்து அமர்கின்றன. எஞ்சியதைத் தற்செயல் எடுத்துக்கொள்கிறது. அறிவும் பொறுமையும் நம் கையில் உள்ளவை. தற்செயல் யார் கையிலும் இல்லை.

ஓர் ஆண்டு மழை பொய்த்ததற்காக நல்ல உழவனை யாரும் பழிப்பதில்லை. விதைத்த முறையையும் வரப்பைக் காத்த விதத்தையும் பார்த்தே அவனை எடைபோடுகிறோம். ஒரு தேர்வு முடிவை வைத்து மாணவரையும், ஓராண்டு லாபத்தை வைத்து நிறுவனத்தையும், ஒரு தொடரின் தோல்வியை வைத்து அணித்தலைவரையும் தூக்கியெறியத் துடிக்கும் நாம், அந்த உழவுக் கணக்கை மற்ற துறைகளுக்கும் நீட்டிக்க வேண்டும். கோப்பை ஓர் இரவில் முடிவாகலாம். அதற்குத் தகுதியான அணி ஓர் இரவில் உருவாவதில்லை.