அடுப்பங்கரை நாயும் சிறுபாணாற்றுப்படையும்

கேமரன் மலையடியிலுள்ள தாப்பாவில், தோட்ட லயங்களில் விறகடுப்பு எரிந்த நாளில், மழை ஓய்ந்த மாலையில் அடுப்புச் சாம்பலருகே நாய் சுருண்டு கிடப்பது பழகிய காட்சி. சுருளுங்கால் மயிர் குறைந்த வயிறு மறைதலின், உடற்சூடு எளிதில் வெளியேறாது.

குட்டிக்கோ கதகதப்பே உயிர். பிறந்த முதல் வாரத்தில் நடுங்கிச் சூடுண்டாக்க அதனால் இயலாது. கண் திறக்கவே ஏறத்தாழ 2 வாரமாகும். ஆதலின் ஈனும் நாய் மறைவும் வெதுவெதுப்பும் உள்ள மூலையை நாடும்.

இவ்வியல்பை உளங்கொண்டு, பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையை நோக்குக. பரிசில் பெறுமுன் இரவலர் இல்லத்திருந்த வறுமையைக் காட்டப் புகுந்த நல்லூர் நத்தத்தனார், அண்மையில் ஈன்ற நாயை அட்டிலில் வைத்தார். அட்டில் என்பது சமையலறை. கண் திறவாக் குட்டிகள் பாலற்ற முலையைப் பற்றத் தாய் பொறாது குரைக்கிறது. செல்லரித்த சுவரின் புழுதியில் காளான் பூத்துள்ளது. ஈரத்தில் முளைப்பது காளான். நாள்தோறும் அடுப்பெரியும் அறையில் அது முளைத்தல் அரிது. எனவே, அங்குத் தீ மூண்டு நாள் பல ஆயின என்பது பெறப்படும்.

வெப்பத்திற்குரிய இடத்தில் வெப்பமில்லை. பாலுக்குரிய முலையில் பாலில்லை. மனையோர் பசியை நாயின் குரலே அறிவிக்கிறது. இப்பகுதியைக் கற்பிக்கும் ஆசிரியர் அடுப்பங்கரை நாயை முதலில் நினைவூட்டுவாராயின், மாணாக்கர்க்குப் பொருள் தானே விளங்கும்.