வெள்ளைக்காரன் கோயிலைக் கட்டியது யார்?

தைப்பூசத்துக்குப் பினாங்கு போகாத தோட்டக் குடும்பம் நம் கெடாவில் உண்டா? சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் பஸ் பிடித்து, பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறி, ரதத்தையும் தண்ணீர்மலையையும் பார்த்துவிட்டுத் திரும்பி விடுகிறோம். அடுத்த முறை இறங்குதுறையிலிருந்து ஒரு கால்மணி நேரம் நடந்து லெபோ ஃபார்குவார் பக்கம் போய்ப் பாருங்கள். பெரிய வெள்ளைத் தூண்களும் கூரான கோபுரமுமாக ஒரு கட்டடம் நிற்கும். நம்மவர்கள் 'மாதாகோயில்' என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் அது கத்தோலிக்கர் கோயில் அல்ல, ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். தென்கிழக்காசியாவில் அந்தச் சபைக்கென்றே கட்டப்பட்டவற்றில் இதுதான் மூத்தது.

பினாங்கு முன்பு கெடா சுல்தானுடைய தீவு. 1786-ல் பிரான்சிஸ் லைட் அங்கே கம்பெனிக் கொடியை ஏற்றினார். அப்புறம் முப்பது வருஷம் வெள்ளைக்காரர்களுக்குத் தனிக் கோயில் இல்லை. கோட்டைக்குள்ளும், பிறகு கோர்ட்டுக் கட்டடத்திலும் ஜெபம் நடத்தினார்கள். 1816-ல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலைத் தொடங்கிய பாதிரியார் ஹட்சிங்ஸ்தான் தேவாலயத்துக்காகவும் பாடுபட்டவர். கம்பெனியின் பொறியாளர் கேப்டன் ராபர்ட் ஸ்மித் மேற்பார்வை பார்க்க, 1818-ல் கட்டடம் முடிந்தது. சில ஆண்டுகளுக்கு முன் சென்னையில், இன்றைய கதீட்ரல் சாலையில் எழும்பியிருந்த செயின்ட் ஜார்ஜ் கோயிலின் சாயல் இதில் தெரிகிறது. செலவு 60,000 ஸ்பானிய வெள்ளி. தீவுக்கும் எதிர்க்கரை நிலத்துக்குமாகக் கம்பெனி கெடா சுல்தானுக்கு ஆண்டுக்குக் கொடுத்துவந்தது 10,000 வெள்ளிதான்.

சரி, மண்ணும் கல்லும் சுமந்தது யாரு? கைதிகள்! பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே கம்பெனி இந்தியாவிலிருந்து கைதிகளைக் கப்பலேற்றிப் பினாங்குக்கு அனுப்பியது. ரோடு, பாலம், கட்டடம் எல்லாவற்றுக்கும் அவர்கள்தான் ஆள்பலம். அந்தக் காலத்தில் நம் தமிழ்நாட்டுக்காரனுக்குப் பினாங்கு என்றால் தீவாந்தர தண்டனை. 1802-ல் சின்ன மருதுவின் மகன் துரைசாமியையும் அவரோடு எழுபதுக்கு மேற்பட்டவர்களையும் தூத்துக்குடியிலிருந்து நாடு கடத்தியதும் இந்தத் தீவுக்குத்தான். பால்மரம் இந்த நாட்டுக்கு வருவதற்கும், சஞ்சிக் கூலியாக நம் பாட்டன்மார் கப்பலேறுவதற்கும் வெகுகாலம் முந்தியே இந்திய உழைப்பு இங்கே வேர்விட்டு விட்டது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

பின்னாளில் கைதிகளுக்குள்ளேயே ஒழுங்கானவனாகப் பார்த்து மற்றவர்களுக்கு மேலாளாக வைத்தார்கள். நம் கங்காணி, மண்டோர் முறை ஞாபகத்துக்கு வருகிறது, இல்லீங்களா? சிங்கப்பூரில் 1856 முதல் 1861 வரை செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியதும் இந்தியக் கைதிகள்தான். கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரில் குழைத்துப் பூசினார்கள். சென்னைச் சுண்ணாம்பு என்று அதற்குப் பெயர். கண்ணாடி போலப் பளபளக்கும்.

பினாங்குத் தேவாலயத்தில் நடந்த முதல் கல்யாணம், 1818 ஜூனில், கவர்னர் பானர்மேனின் மகளுக்கு. மாப்பிள்ளை பிலிப்ஸ் பிற்பாடு தானே கவர்னரானார். யாருக்காகக் கட்டிய கோயில் என்பது இதிலேயே விளங்கிவிடும். 1819 மே மாதம் கல்கத்தா பிஷப் மிடில்டன் வந்து அர்ப்பணம் செய்தார். கூரை முதலில் சென்னை மாதிரியில் தட்டையாக இருந்தது. பினாங்கு மழைக்கு அது தாங்குமா? 1864-ல் சரிவுக் கூரையாக மாற்றினார்கள். 1886-ல் வாசலில் லைட்டுக்கு ஒரு நினைவு மண்டபம் எழுந்தது. உள்ளே அதிகாரிகளுக்குப் பளிங்குப் பலகைகள் உண்டு. கைதிகளின் பெயர் சொல்லும் கல் எதுவும் நம் கண்ணில் படவில்லை.

1941 டிசம்பரில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். கட்டடம் சேதமடைந்தது, உள்ளே இருந்த சாமான்கள் கொள்ளை போயின. கெடா தோட்டங்களிலிருந்து நம்மவர்களைச் சயாம் ரயில் பாதைக்கு வாரிக்கொண்டு போன அந்த ஆண்டுகளில் தேவாலயம் பாழாய்க் கிடந்தது. 1948-ல்தான் மறுபடி ஆராதனை நடந்தது. துரைமார் போன பிறகு இந்நாட்டு மக்களின் கோயிலாக அது மாறியது. 2007-ல் அரசாங்கம் தேசிய மரபுச் சொத்தாக அறிவித்தது. 2011-க்குள் பழுதுபார்த்தும் கொடுத்தது. இப்போது ஞாயிறன்று ஜெபம், மற்ற நாளில் கேமராவோடு சுற்றுப்பயணிகள்.

காப்பாற்றியது நல்ல காரியம். யார் மதமானாலும் அதில் நம் இனத்தான் வேர்வை இருக்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறோம். 2013-ல் நம் கெடாவிலேயே, பூஜாங் பள்ளத்தாக்கின் சுங்கை பத்துவில், ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட 11-ஆம் எண் சண்டியை மேம்பாட்டாளர் புல்டோசர் விட்டு இடித்தார். 2005-ஆம் ஆண்டின் மரபுச் சட்டம் இருந்தும், அந்த இடம் பதிவாகாததால் காவல் இல்லாமல் போயிற்று. ஆயிரம் ஆண்டுச் செங்கல்லுக்கே அந்தக் கதி என்றால், தோட்டம் துண்டாடப்படும்போது நம் மாரியம்மன் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சுடுகாட்டுக்கும் என்ன உத்தரவாதம்?

தோட்டம் கைமாறுகிறது என்று பெரட்டுக் களத்தில் பேச்சு அடிபட்ட அன்றே கிளைத் தலைவர்கள் ஒரு நோட்டுப் புத்தகம் எடுக்கட்டும். கோயில் எந்த வருஷம் எழுந்தது, அடிக்கல் யார் வைத்தார், மண் சுமந்தவர்கள் யார் யார், நிலம் யார் பேரில் என்று பெரியவர்களைக் கேட்டு எழுதி, படமும் எடுத்து வையுங்கள். ஒரு பிரதி கோயில் கமிட்டியிடம், ஒன்று கிளைச் செயலாளரிடம், இன்னொன்று நில அலுவலகத்துக்கு, முத்திரை வாங்கிக்கொண்டு.