விழுந்து காட்டும் விசுவாசம்

ஜப்பானியத் தற்காப்புக் கலை ஆசான் யனாகி ரியூகென் தொடாமல் கையசைத்தாலே சீடர்கள் கூட்டமாகச் சரிவார்கள். 2006-இல் கலப்புத் தற்காப்புக் கலை வீரர் ஒருவரை அவர் பகிரங்கமாக எதிர்கொண்டார். கையசைவு பலிக்கவில்லை. முகத்தில் குத்து வாங்கி, விரைவிலேயே தோற்றார்.

சீடர்களை மூடர்கள் என்று ஒதுக்குவது எளிது. பொருளியல் கற்பித்த எனக்கு அவர்களின் கணக்கு புரிகிறது. இத்தகைய கூடங்களில் ஈட்டிய தகுதியும் கறுப்புப் பட்டையும் வெளியே செல்லாக்காசு. விழ மறுப்பவன் பல்லாண்டு உழைப்பையும் நட்பு வட்டத்தையும் இழப்பான். விழுபவனுக்கோ நொடிநேரச் சிரமம்தான். அருகிலிருப்பவனும் விழும்போது, தன் ஐயத்தையே அவன் ஐயுறத் தொடங்குகிறான்.

இதில் பெரிதும் ஏமாந்தவர் ஆசானே என்பது என் கணிப்பு. தம் ஆற்றலை உள்ளூர நம்பாதவர் அப்போட்டிக்கு இசைந்திருப்பாரா? விழாமல் நின்ற மாணவன் ஒருவன் இருந்திருந்தால், அவர் அந்த மேடைக்கே போயிருக்க மாட்டார்.