கந்தகம் ஊதிய தோட்டத்தில் டுரியானுக்கு ஊசி

மலேசியாவின் நெகிரி செம்பிலானில் ஜனவரி வெயில் ஏறியதும் ரப்பர் மரங்கள் இலையைக் கொட்டிவிடும். சில வாரத்தில் செம்பு நிறத்தில் துளிர் வரும். ஓய்டியம் என்ற பூஞ்சை காத்திருப்பது அந்தத் துளிருக்குத்தான். குளிர்ந்த இரவும் காலைப் பனியும் சேர்ந்தால் போதும், இளம் இலையில் மாவு தூவினாற்போல் படர்ந்துவிடும். இலை சுருண்டு மறுபடியும் கொட்டும். பால் குறையும், மரம் சீவுபவரின் கூலியும் குறையும்.

இதற்குத் தோட்டங்கள் நம்பியது கந்தகப் பொடி. காற்று அசையாத விடியற்காலையில், இலையில் ஈரம் இருக்கும்போதே, கருவியால் மேலே ஊதுவார்கள். காற்று கிளம்பினால் பொடி பக்கத்துத் தோட்டத்துக்குத்தான் போகும். ஒரு சுற்றும் போதாது. ஊதிய பிறகு விரிந்த இலையில் மருந்து ஏது? இலை முற்றித் தடிக்கும்வரை, வாரத்துக்கொரு முறையாவது ஊத வேண்டும்.

பழைய பூஞ்சைக்கொல்லிகள் வருமுன் காப்பவை, வந்தபின் குணப்படுத்தாதவை. 1885இல் பிரான்சின் மில்லார்டே திராட்சைக்குச் சொன்ன போர்டோ கலவையும் இந்த ரகம்தான்: செம்பு உப்பான மயில்துத்தம், சுண்ணாம்பு, தண்ணீர். இலைமேல் முளைக்கும் பூஞ்சை வித்தைச் செம்பு கொல்லும். உள்ளே நுழைந்துவிட்டதை ஒன்றும் செய்யாது. காய்கறிக்கும் பழத்துக்கும் இன்றும் நல்ல மருந்து. ரப்பர் மரத்தில் சீவும் பட்டைக்கு மட்டும் ஆகாது. பாலில் கொஞ்சம் செம்பு கலந்தாலும் ரப்பர் நாளடைவில் பிசுபிசுத்துக் கெட்டுவிடும்.

மழைக்காலத்தில் அந்தப் பட்டையில் கறுப்புக் கோடுகள் போடும் பைட்டோப்தோரா பால்மிவோராவின் கதை வேறு. ரப்பரை அழித்து டுரியான் நட்டாலும் அது விடுவதில்லை. டுரியான் மரத்தின் அடிப்பட்டை நனைந்ததுபோல் கறுத்துச் செம்பழுப்புச் சாறு கசியும். சுரண்டினால் உள்ளே பழுப்பேறியிருக்கும். இதில் வேடிக்கை, அது பூஞ்சையே அல்ல என்பதுதான். பழுப்புப் பாசிகளுக்கு உறவான உயிர் அது. செல்சுவரில் செல்லுலோஸ் இருக்கிறது. பூஞ்சையின் எர்கோஸ்டெராலைக் குறிவைக்கும் டிரையசோல் மருந்துகளை அதற்கு அடித்தால் காசுதான் கரையும். கடையில் போய் வெறுமனே ‘பூஞ்சை மருந்து’ என்று கேட்பவர்கள் இப்படித்தான் ஏமாறுகிறார்கள்.

இந்த வகைக் கிருமிகளுக்கென்று 1977இல் வந்த மெட்டலாக்சில் என்ற மருந்து செடிக்குள்ளேயே ஊடுருவி ஓடியது. அதிசயம் என்றார்கள். 1980இலேயே அயர்லாந்து உருளைக்கிழங்கு வயல்களில் நோய்க்கிருமி அதற்குப் பழகிவிட்டது. கிருமியின் ஒரே இடத்தைத் தாக்கும் மருந்தைச் சிறு மரபுமாற்றத்தால் தாண்டிவிடலாம். பல இடங்களைத் தாக்கும் செம்பையும் மேங்கோசெப் என்ற மருந்தையும் தாண்டுவது கடினம். அதனால்தான் மெட்டலாக்சிலோடு மேங்கோசெப்பைக் கலந்து விற்கிறார்கள். அந்த மேங்கோசெப்புக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. ஹார்மோன்களைக் குலைக்கும், கருவைப் பாதிக்கும் என்ற அச்சமே காரணம்.

டுரியானுக்கு இன்னொரு வழி பாஸ்போனேட் ஊசி. தண்டில் துளையிட்டுச் சிரிஞ்சைச் செருகினால் மருந்து இலைக்கும் போகும், வேருக்கும் இறங்கும். மரத்தின் எதிர்ப்பையும் தூண்டிவிடும். மழை கழுவிக்கொண்டு போகாது. தெளிப்பவர் மூச்சில் சாரல் ஏறுவதுமில்லை. தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் நிற்கும் மரம் என்றால், ஊசிக்கு முன்னால் வாய்க்கால் வெட்டியாக வேண்டும். பைட்டோப்தோராவின் வித்துகள் ஈரமண்ணில் நீந்தி வேரைத் தேடி வருபவை.